சென்னியப்பன் வைத்த புள்ளி

ஏனுங்க, கொஞ்சம் அக்கட்ட நகந்து உக்காருங்க. பயப்படாதீங்க, சட்டைப் பையில நீட்டிக்கிட்டு இருக்கறது ஸ்க்ரூட்ரைவர்தான், கத்தி இல்லீங்க. சிங்காநல்லூர்ல ஏறுனப்ப கண்டக்டரும் இப்படித்தான் ஒரு பார்வை பார்த்தாரு. இருபத்தாறு வருசமா இது இந்தப் பையிலதான் இருக்குது. சட்டை மாறும், இது மாறாது. பை கிழியுது பை கிழியுதுன்னு எங்க வீட்டுல துவைக்கப் போடறப்பெல்லாம் எனக்குத் திட்டு.

நீங்க எங்க, தாராபுரமா? நான் குண்டடம் தாண்டி மில் ஸ்டாப்புல இறங்கிக்குவேன். கழுத்துல டேப்பு தொங்குதே, டெய்லருங்களா? அதான பார்த்தேன். கல்யாண வீட்டுல அளவெடுக்கப் போறீங்களாக்கும். நல்லதுங்க. கையில வேலை வச்சிருக்கறவங்க பக்கத்துல உக்காந்தா பேசிக்கிட்டு வரலாம். முந்தி ஒரு தடவை இன்சூரன்ஸ்காரன் ஒருத்தன் உக்காந்தான், பல்லடம் வர்ற வரைக்கும் நான் எப்பச் சாவேன்னே பேசிக்கிட்டு வந்தான்.

நம்ம பேரு சென்னியப்பன். கணபதி ஏரியாவுல ஒரு பேனல் கம்பெனி, அதுல ஃபைனல் செக்கிங். பேனல்னா, மில்லுலயெல்லாம் ஆள் உயரத்துக்கு இரும்பு பீரோ மாதிரி நிக்கும், பார்த்திருப்பீங்க. மெஷினு ஓடறதும் நிக்கறதும் அதுக்குள்ள இருக்கற வயரைப் பொறுத்தது. நூத்துக்கணக்குல வயரு. உள்ளே இருந்து வர்ற வயரும் வெளியே மோட்டாருக்குப் போற வயரும் சேர்ற இடத்துல சின்னச் சின்னக் கட்டையா வரிசையா அடுக்கியிருக்கும். கனெக்டர்னு சொல்லுவோம். அதுல வயரு நுனியை உள்ள விட்டு, மேல இருக்கற ஸ்க்ரூவைத் திருகினா வயரு உள்ளயே மாட்டிக்கும். அவ்வளவுதான் விசயம். இதுக்கு அறிவு ஒண்ணும் வேண்டியதில்லை, கையில பலம் இருந்தாப் போதும்.

என்ற வேலை என்னன்னா, எல்லாரும் கட்டி முடிச்ச பொறகு நான் தனியாப் போயி ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இன்னொரு தடவை திருகறது. அரைச் சுத்து. திருகிட்டு அதும் பக்கத்துல சிவப்பு மார்க்கர்ல ஒரு புள்ளி. கணபதியில எந்தக் கம்பெனியில கேட்டாலும் சொல்லுவாங்க, சென்னியப்பன் புள்ளின்னு. புள்ளி விழாம எங்க லாரி கேட்டைத் தாண்டாது. நான் செக்கிங் பண்றப்ப பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது, அது நான் போட்ட சட்டம். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போற நேரத்துலதான் பண்ணுவேன். கண்ணு பட்டுரும்னு இல்லைங்க. பக்கத்துல நின்னா கேள்வி கேப்பாங்க. கேள்வி கேட்டா எனக்கு எண்ணிக்கை விட்டுப் போயிரும்.

போன பங்குனியிலதானுங்க வந்துது வினை. முதலாளி புதுசா ஒரு கனெக்டர் வாங்கிப் போட்டாரு. ஸ்க்ரூவே இல்லாத கனெக்டர். ஸ்க்ரூ இல்லாத கனெக்டர்னா, பல்லு இல்லாத சீப்புங்க. எதை வச்சு வாருவீங்க? அதை விக்கறதுக்கு டை கட்டின ஆளு ஒருத்தன் கார்ல வந்தான். எல்லாரையும் வட்டமா நிக்க வச்சுக்கிட்டு, வயரை உள்ள தள்ளுங்க, உள்ள ஸ்ப்ரிங் இருக்குது, அது புடிச்சுக்கும், டூலே வேண்டாம், டூலே வேண்டாம்னு நாலு தடவை சொன்னான். வேலைக்காரன்கிட்ட வந்து டூலே வேண்டாம்னு சொல்றான் பாருங்க. உங்ககிட்ட ஒருத்தன் வந்து ஊசியே வேண்டாம், துணியை ஒட்ட வச்சுக்கலாம்னு சொன்னா நீங்க நின்னு கேப்பீங்களா? நான் கேக்கலை. டீக்குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா எல்லாருக்கும் பேனா கொடுத்துக்கிட்டு இருக்கறான். எனக்கும் ஒண்ணு கொடுத்தான். ரெண்டே நாள்ல எழுதலை. அதுலயே தெரிஞ்சு போச்சு எனக்கு, அவன் சரக்கு எப்படின்னு.

மத்தவங்க எல்லாம் அதைப் பார்த்து முழிச்சுக்கிட்டு நின்னாங்க. ஒருத்தி மட்டும் முன்னால வந்து வாங்கிக்கிட்டா. மகுடீஸ்வரின்னு பேரு. முத்தூர்ப் பக்கத்து அம்மிணி, ஐடிஐ படிச்சவ, எங்ககிட்ட வயரிங் பார்த்துக்கிட்டு இருந்தா. கொழந்தையைத் தாய் வீட்டுல விட்டுட்டு, கணபதியில ரூமெடுத்துத் தங்கி வேலைக்கு வர்றவ. வேலைக்காரிதான், இல்லைங்கலை. ஆனா அந்தப் படிப்புத் திமிரு இருக்குது பாருங்க. பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம், வயரிங் யாரு, செக்கிங் யாருன்னு. மத்தவங்க அதுல கிறுக்கி வைப்பாங்க. இவ மட்டும் அச்சடிச்ச மாதிரி முழுப் பேரையும் எழுதுவா. கேட்டா, நான் கட்டின பேனல் கழலாதுங்கண்ணா, பேரு தெரியட்டும்னு சொல்லுவா.

மூணு நாள் வேலையை ஒரே நாள்ல முடிச்சா அந்தக் கனெக்டர்ல. முடிப்பா, ஏன் முடிக்க மாட்டா? திருகற வேலையே இல்லையே. சொருகு, சொருகு, சொருகு. பூக்கட்டறவங்க கூட முடிச்சுப் போடுவாங்க, இதுல அதுவும் கிடையாது. அப்பறம் ஒவ்வொரு வயரையும் ரெண்டு விரல்ல புடிச்சு வெடுக்குன்னு ஒரு இழு. ஏம்மிணி, இழுத்துப் பார்க்கறதுக்கு இது என்ன மாட்டுக் கவுறான்னு கேட்டேன். புடிச்சிருக்குதான்னு பார்க்கறனுங்கண்ணா அப்படிங்கறா. சரி, டூலே வேண்டாம்னாங்களே, அப்பறம் உன்ற பையில எதுக்கு ஒரு ஸ்க்ரூட்ரைவர்னு கேட்டேன். மடக்கிட்டேன்னுதான் நெனச்சேன். அவ கொஞ்சங்கூட அசரலை. அது கழட்டறதுக்குங்கண்ணா, வயரை மாத்திச் சொருகிட்டா கழட்டோணுமில்லீங்க அப்படின்னா. கட்ட வந்தவ கழட்டறதைப் பத்திப் பேசறா. நான் டீக்கடையில சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்.

சூலூர் வந்துருச்சா? இந்த பஸ்சு பரவால்லீங்க, ஓட்டறான்.

பேனல் செக்கிங்குக்கு வந்துது. மத்தியானம் எல்லாரும் போனதும் டார்ச்சு புடிச்சுப் பார்த்தேன். முந்நூத்திப் பன்னெண்டு கனெக்டர். எங்கயும் ஸ்க்ரூ கிடையாது. என்னத்தைத் திருகறது? நல்லா உத்துப் பார்த்தா, வயரு போற ஓட்டை ஒண்ணு வட்டமா இருக்குது, அதும் பக்கத்துலயே சதுரமா ஒரு பொந்து. ஸ்க்ரூட்ரைவரை வச்சுப் பார்த்தேன். அளவெடுத்துத் தச்ச மாதிரி உள்ள போகுது. அப்ப அது எதுக்கு இருக்குது, நீங்களே சொல்லுங்க. காத்து வர்றதுக்கா? திருகறதுக்குத்தான். டூலே வேண்டாம்னு ஊரை ஏமாத்திட்டு, உள்ள திருகறதுக்கு இடம் வச்சிருக்கறான் அந்த டைக்காரன். யாருக்கும் அது தெரியலை. நான் கண்டுபிடிச்சேன்.

ஸ்க்ரூட்ரைவரை விட்டு ஒரு அழுத்து, லேசா ஒரு முறுக்கு. உள்ளே ஏதோ அசையறது கைக்குத் தெரிஞ்சுது. சரி, டைட்டாகுதுன்னு அர்த்தம். எடுத்துட்டு ஒரு புள்ளி. முந்நூத்திப் பன்னெண்டுக்கும் அழுத்து, முறுக்கு, புள்ளி. அன்னைக்கு நான் சோறு திங்கறப்ப மணி மூணரை. அவ நாள் முச்சூடும் சொருகினதை நான் ரெண்டரை மணி நேரத்துல டைட் பண்ணினேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலை. நானும் சொல்லிக்கலை. செஞ்ச வேலையைச் சொல்லிக் காட்டறது நமக்குப் பழக்கமில்லை.

இருவது நாளாச்சுங்க. அன்னூர்ப் பக்கம் ஒரு மில்லு, அங்க போன பேனல் அது. மெஷினு நின்னு போச்சு. போயித் தெறந்து பார்த்தா வயரு கழண்டு தொங்குது. அதே கனெக்டர்ல அவ கட்டி நான் புள்ளி வச்ச அடுத்த பேனல் பெருந்துறையில. அங்கயும் அதே. மூணாவது ஒண்ணு, அது லாரியிலேயே கழண்டு போயி, மில்லுல இறக்கினதும் சுட்சைப் போட்டா ஒண்ணுமே ஓடலை. மூணுலயும் ஸ்டிக்கர்ல ஒரே பேரு. வயரிங், மகுடீஸ்வரி.

முதலாளி ரெண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டாரு. அவ சொல்றா, நான் ஒவ்வொண்ணையும் இழுத்துப் பார்த்துத்தான் விட்டேனுங்க. நான் சொன்னேன், நான் ஒவ்வொண்ணையும் டைட் பண்ணித்தான் புள்ளி வச்சேன், அதுக்கு மேலயும் கழலுதுன்னா கட்டினது எப்படிக் கட்டினதுன்னு பார்த்துக்கங்க. கையில பலமில்லாதவ சொருகினா வேற எப்படி இருக்கும்? அவ என்னையே பார்த்தா. டைட் பண்ணீங்களான்னு கேட்டா. இந்தக் கனெக்டர்ல என்னத்தைங்கண்ணா டைட் பண்ணீங்க, என்ற முன்னால ஒருக்காச் செஞ்சு காட்டுங்கன்னா. எப்படி இருக்கும் எனக்கு? இருபத்தாறு வருசத்துல முதலாளியே கேட்டதில்லை அப்படி ஒரு கேள்வி. நீ பொறக்கறப்ப நான் புள்ளி வச்சவன், உனக்கு நான் செஞ்சு காட்டோணுமான்னு எந்திரிச்சுட்டேன். முதலாளி என்ற பக்கம்தான் நின்னாரு. நிக்காம? அவளுக்கு மூணு வருச சர்வீஸ், எனக்கு இருபத்தாறு.

அழுகலை, அதை நான் சொல்லியாகணும். வேற யாரா இருந்தாலும் அழுதிருப்பாங்க. வேலையை விட்டுப் போங்கன்னு முதலாளி சொன்னதும், ஸ்டிக்கர்ல என்ற பேரு மட்டும் இருக்கட்டுங்க, நான் கட்டினது சரியாத்தான் இருக்குதுன்னா. திரும்பி வந்த பேனல் ஷெட்டுல நின்னுக்கிட்டு இருந்துது. நானே போயிச் சொரண்டினேன் அவ பேரை. இதே ஸ்க்ரூட்ரைவர்லதான். அவ கம்பெனி கேட்டுக்கிட்ட நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. முழுப் பேருங்கறதால சொரண்டறதுக்கு நேரமாச்சு.

அப்பறம் அவளுக்குக் கணபதியில எங்கயும் வேலை கிடைக்கலைன்னு கேள்விப்பட்டேன். ஆறு கம்பெனி ஏறி இறங்கினாளாம். நான் ஒண்ணும் பண்ணலைங்க. டீக்கடையில அந்தந்தக் கம்பெனி ஆளுங்க வந்து, எப்படிண்ணா அந்த அம்மிணின்னு கேப்பாங்க. கை சரியில்லைன்னு சொன்னேன். கேட்டா உண்மையைத்தான சொல்லோணும். நம்ம வார்த்தைக்கு அந்த ஏரியாவுல ஒரு மதிப்பு இருக்குது, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

இங்க பாருங்க, பல்லடத்துல கடலைக்காரன் ஏறிட்டான். வேண்டாமா? சரி விடுங்க, எனக்கும் பல்லு சரியில்லை.

இப்ப ஐப்பசி. போன மாசம்தான் அந்தப் புதுக் கனெக்டர்ல இன்னொரு பேனல் போச்சு, இப்ப நான் போறனே, இந்த மில்லுக்குத்தான். கட்டினது பழைய வயர்மேனுங்க ரெண்டு பேரு, அவ கிடையாது. செக்கிங் நான். அன்னைக்கு லாரிக்காரன் சொன்ன நேரத்துக்கு முன்னாலயே வந்து ஆரன் அடிச்சுக்கிட்டு நின்னான். மேல ரெண்டு வரிசை முடிச்சேன், கீழ் வரிசைக்குப் புள்ளி வைக்கறதுக்குள்ள முதலாளி ஏத்துங்க ஏத்துங்கன்னு ஏத்த வச்சுட்டாரு. புள்ளி விழாம போன முதல் பேனல் அதுதான். மனசுக்கு ஒரு மாதிரிதான் இருந்துது.

பத்தே நாள்ல ஃபோன். முதலாளி ஸ்பீக்கர்ல போட்டாரு. பேசறது யாருன்னு நெனைக்கறீங்க? அவதான். அந்த மில்லுல எலக்ட்ரீசியனாச் சேந்திருக்கறா. கணபதியில எடுக்கலைன்னதும் இங்க வந்து ஒட்டிக்கிட்டா போல. வணக்கம் சொல்லிட்டு நிதானமாச் சொல்றா. மேல ரெண்டு வரிசை, சிவப்புப் புள்ளி வச்ச கனெக்டர்ல பதினேழு வயரு கழண்டு நிக்குதுங்க. கீழ் வரிசையில புள்ளியே இல்லீங்க, அதுல ஒண்ணுகூடக் கழலலீங்க. சென்னியண்ணனை ஒருக்கா அனுப்பி வைங்க. அவரு எப்படிச் செக் பண்றாருன்னு எங்க இன்ஜினீயர் முன்னால செஞ்சு காட்டட்டும்.

பார்த்தீங்களா? போனவ கடைசியில நம்மகிட்டத்தான வந்து நிக்கறா. இன்ஜினீயர் முன்னால செஞ்சு காட்டோணுமாம். காட்டறேன், அதுக்குத்தான் போறேன். அந்தக் கீழ் வரிசை கழலலைன்னு சொன்னா பாருங்க, அது ஒண்ணுமில்லைங்க. கீழ இருந்தா அதிர்வு கம்மி. அதிர்ஷ்டம் வேற. அதைப் போயி ஒரு பெரிய கண்டுபிடிப்பாட்டம் சொல்றா.

முதலாளிதான் ஒரு மாதிரி ஆயிட்டாரு. ஃபோனை வச்சுட்டு ரொம்ப நேரம் என்ற சட்டைப் பையையே பார்த்தாரு. எப்பவும் சென்னியண்ணான்னுதான் கூப்பிடுவாரு. அன்னைக்கு, போயிக் காட்டிட்டு வாங்க சென்னியப்பன்னாரு. அண்ணா இல்லை. சரி, அவருக்கு ஆயிரம் தலைவலி.

இருங்க, உங்களுக்கும் காட்டறேன். பையிலயே வச்சிருக்கறேன். இந்தாங்க, இதுதான் அந்த சாமான். அஞ்சு கனெக்டர், அஞ்சு துண்டு வயரு. ஸ்டோர்ல சொருகியே கொடுத்தாங்க. புடிங்க. வயரை இழுத்துப் பாருங்க. நல்லா இழுங்க, டெய்லர் கைக்கு பலம் இருக்குமே. வரலையா? வராது, இன்னும் டைட் பண்ணலையே. இருங்க, நான் டைட் பண்ணித் தர்றேன். இந்தப் பொந்துல விட்டு, ஒரு அழுத்து, ஒரு முறுக்கு. ஆச்சு. இப்ப இழுங்க.

பார்த்தீங்களா? கையோட வந்துருச்சு. இவ்வளவுதானுங்க இந்த சாமானோட லட்சணம். டைட் பண்ணியும் வருதுன்னா இதை என்னன்னு சொல்றது?

என்னங்க? டைட் பண்றதுக்கு முன்னால வரலையேங்கறீங்களா?

அது, சில சமயம் அப்படித்தான். அடுத்ததை இழுங்க. வரலை. சரி, கொடுங்க. அழுத்து, முறுக்கு. இழுங்க. ம். வந்துருச்சு. மட்டமான சரக்குங்க இது, நான் அன்னைக்கே சொன்னேன். சொன்னேனா இல்லையா? இந்தக் கனெக்டரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, அவ என்ன பண்றது.

என்ன சொல்றீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, பஸ்சு இரையுது.

தையல் மெஷின்லயா? ஊசிக்குப் பக்கத்துல துணியை அமுக்கிப் புடிக்கற கால் ஒண்ணு. ஆமா, பார்த்திருக்கறேன், எங்க வீட்டுலயும் மெஷின் இருக்குது. அதைத் தூக்கி விட்டா துணி வந்துரும், எறக்கி விட்டாப் புடிச்சுக்கும். சரி. அதுக்கென்ன? நான் குத்தறது அந்தக் காலைத் தூக்கற மாதிரி இருக்குதுங்கறீங்களா?

நீங்க துணி தைக்கறவரு. உங்களுக்கு இதைப் பத்தி என்னங்க தெரியும்? நான் இருபத்தாறு வருசமா...

கொடுங்க இக்கட்ட.

மூணாவதை நான் குத்தலை. சும்மா இழுக்கறேன். வரலை. ரெண்டு கையிலயும் புடிச்சு இழுக்கறேன். விரல் வலிக்குது, வரலைங்க. இப்ப ஸ்க்ரூட்ரைவரை விட்டு அப்படியே அழுத்திப் புடிச்சுக்கறேன். முறுக்கலை. இந்தக் கையில... வருது. வழுக்கிக்கிட்டு வருது. அழுத்தினா உள்ள ஸ்ப்ரிங் விட்டுருது, முறுக்கினதுல வயரு நகந்து நுனியில நின்னிருக்குது. ஸ்க்ரூட்ரைவரை எடுத்துட்டு அதே வயரைத் தள்ளறேன். உள்ள போயிருச்சு. இழுக்கறேன். வரலை.

இதைக் கொஞ்சம் புடிச்சுக்கங்க. தண்ணி இருக்குங்களா உங்ககிட்ட?

அது கழட்டறதுக்குங்கண்ணான்னு சொன்னா. என்ற முகத்துக்கு நேரா நின்னு சொன்னா. வயரை மாத்திச் சொருகிட்டா கழட்டோணுமில்லீங்கன்னு. நான் அதைத்தான டீக்கடையில சொல்லிச் சிரிச்சேன். முந்நூத்திப் பன்னெண்டு. அதுக்கப்பறம் ஒண்ணு, அதுக்கப்பறம் ஒண்ணு. அவ ஒவ்வொண்ணா இழுத்துப் பார்த்து வச்சுட்டுப் போனதை, பின்னாலயே போயி ஒவ்வொண்ணா கழட்டி விட்டு, கழட்டினது எதுன்னு அடையாளம் தெரியட்டும்னு சிவப்புல புள்ளி வேற வச்சிருக்கறேன். எவனுங்க இந்த வேலையைச் செய்வான்? எதிரி கூட அடையாளம் வச்சுட்டுப் போக மாட்டான்.

அந்த டைக்காரன் சொல்லியிருக்கோணும். சொல்லியிருப்பான். நான்தான் டீக்குடிக்கப் போயிட்டனே.

அவளுக்குத் தெரியுமுங்க. ஃபோன்ல பேசறப்பவே தெரியும். புள்ளி வச்சது கழண்டுச்சு, வைக்காதது கழலலைன்னு அவ சொன்னது எனக்கில்லை, முதலாளிக்கு. அவருக்கும் அப்பவே புரிஞ்சு போச்சு. அதான் அண்ணா இல்லை. இத்தனை பேருக்கும் தெரிஞ்சு, நான் ஒருத்தன்தான் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கிட்டு, செஞ்சு காட்டறேன்னு பஸ் ஏறி வந்திருக்கறேன். அவமானமா இருக்குதுங்க.

அது குண்டடம்தான? வந்துருச்சா அதுக்குள்ள. இவன் எதுக்கு இந்த விரட்டு விரட்டறான்?

ஒண்ணு பண்ணுங்க. இந்த ஸ்க்ரூட்ரைவரை நீங்க வச்சுக்கங்க. உங்க மெஷினுக்கு ஆகும், நல்ல எஃகு. நான் அங்க போயி, வீட்டுலயே மறந்துட்டு வந்துட்டேன்னு சொல்லிக்கறேன். சட்டையை மாத்தினப்ப விட்டுப் போச்சுன்னு. டூலே வேண்டாம்னுதான இந்தக் கனெக்டரை விக்கறாங்க, அப்பறம் ஸ்க்ரூட்ரைவர் என்னத்துக்குன்னு நான் கேட்டா இன்ஜினீயர் என்ன சொல்லுவாரு? அந்தப் பதினேழு வயரையும் கையாலயே சொருகி வச்சுட்டு, இழுத்துப் பார்த்துட்டு, டீயைக் குடிச்சுட்டு வந்துருவேன். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. வச்சுக்கங்க. வச்சுக்கங்கங்கறேன்.

ஆனா அவ விட மாட்டாளே.

நான் மறந்துட்டேன்னு சொன்ன உடனே, பரவால்லீங்கண்ணான்னு சொல்லிட்டு அவ பையில இருந்து ஒண்ணை எடுத்து நீட்டுவா. மரியாதையாத்தான் நீட்டுவா, அவ குரல் ஒசத்தி நான் கேட்டதில்லை. நீட்டினா வாங்கித்தான் ஆகோணும். அங்க இன்ஜினீயர் நிப்பாரு, ரெண்டு ஃபிட்டருங்க நிப்பாங்க. அவ கொடுத்ததை வாங்கி, அவ கண்ணு முன்னால அந்தப் பொந்துல நான் விடோணும். விட்டா வயரு வழுக்கிக்கிட்டு வரும். அன்னைக்கு அவ கம்பெனி கேட்டுக்கிட்ட நின்னு பார்த்தா பாருங்க, அதே மாதிரி பார்த்துக்கிட்டு நிப்பா.

மில்லு சிம்னி தெரியுது.

கொடுங்க அதை. ஆமா, ஸ்க்ரூட்ரைவரைத்தான். அவளோடதை வாங்கிக் குத்தறதுக்கு நான் என்றதுலயே குத்திக்கறேன். இந்தா, பையில போட்டாச்சு. கண்டக்டரே, மில் ஸ்டாப்புல நிறுத்துங்க. நல்லா நிறுத்தச் சொல்லுங்க டிரைவரை, ஓடற பஸ்சுல இருந்து இறங்க நம்மளால ஆகாது.